பெயரைச் சொல்லித் தேட வழி விடுங்கள்: பதிவுத்துறைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பதிவுத்துறைத் தலைவர், தமிழ்நாடு
நகல்: நில நிர்வாக ஆணையர், நில அளவை மற்றும் நிலவரித் திட்ட இயக்குநர், ஆவணக் காப்பக ஆணையர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். குடும்ப வரலாறு தேடுவோருக்கு ஏடு பார்த்துத் தருகிறவர்கள் நாங்கள். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சார்பதிவாளர் அலுவலகங்களிலும் மாவட்டப் பதிவாளர் அலுவலக ஆவண அறைகளிலும் இருக்கும் 1975-க்கு முந்தைய இன்டெக்ஸ் 1 ஏடுகளை, அதாவது பெயர் அட்டவணைகளை, ஸ்கேன் செய்து பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும். முழுப் பத்திரங்களை இப்போது கேட்கவில்லை. அட்டவணை மட்டும் போதும்.

குடும்ப வரலாறு தேடுகிறவரிடம் முதலில் இருப்பது ஒரு பெயர், அதற்கு மேல் ஒரு தகப்பனார் பெயர், கூடவே ஓர் ஊர்ப்பெயர். சர்வே எண் இருக்காது. இன்று துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்க்க வேண்டுமானால் கிராமமும் சர்வே எண்ணும் வேண்டும், இல்லையென்றால் ஆவண எண்ணும் ஆண்டும் வேண்டும். அதுவும் பெரும்பாலும் 1975 முதல்தான். கவுண்டரில் போய் நின்றாலும் முதல் கேள்வி "சர்வே நம்பர் என்ன?" அடுத்த கேள்வி "உங்களுக்கு என்ன சம்பந்தம்?" நிலத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் பாதை திறந்திருக்கிறது; ஆளை வைத்து நிலத்தைக் கண்டுபிடிக்கும் பாதை அடைபட்டுக் கிடக்கிறது.

சட்டம் அப்படி அடைக்கச் சொல்லவில்லை. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு நான்கு அட்டவணைகளை வைக்கச் சொல்கிறது. அதில் முதலாவது, 1-ஆம் புத்தகத்தில் (அசையாச் சொத்துப் பத்திரங்களின் ஏட்டில்) பதிவான ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் எல்லோருடைய பெயரையும் அவரவர் விவரத்தையும் தாங்க வேண்டும். அந்த விவரம் எது என்பதை 2-ஆவது பிரிவு சொல்லிவிடுகிறது: குடியிருக்கும் ஊர், தொழில், தகப்பனார் பெயர், தாயின் பெயரால் அறியப்படுகிறவர் என்றால் தாயின் பெயர். சாதியையும் எழுதச் சொன்ன சொற்கள் பிற்பாடு நீக்கப்பட்டன. ஆக, ஊர்வாரியாக மகன், தகப்பன், தொழில் என்று ஒரு குடும்பப் பட்டியலைச் சட்டமே நூறாண்டுக்கு மேலாக எழுத வைத்திருக்கிறது. 57(1) பிரிவின்படி 1, 2-ஆம் புத்தகங்களையும் 1-ஆம் புத்தகத்துக்கான அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தும் எவரும் பார்வையிடலாம். சம்பந்தம் கேட்க அந்தப் பிரிவில் இடமில்லை. சம்பந்தம் கேட்க வேண்டியது 4-ஆம் புத்தகத்துக்கு (இதர பத்திரங்களின் ஏட்டுக்கு); அது 57(3). இந்த இரண்டையும் கவுண்டரில் ஒன்றாகக் குழப்பிவிடுவதால்தான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். ஒரே பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அந்தக் குழப்பம் தீரும்.

அட்டவணையில் பெயர் கிடைத்துவிட்டால் மீதி வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால்தான், எங்கள் கோரிக்கை ஏன் இத்தனை சிறியது என்பது புரியும். அட்டவணை வரி ஒவ்வொன்றும் ஆவண எண், வால்யூம், பக்கம் ஆகியவற்றைக் காட்டும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கினால், பத்திரத்திலேயே பாத்தியம் வந்த வழி எழுதியிருக்கும்: "என் தகப்பனார் இன்னாருக்கு இன்ன வருஷத்தில் கிரையமாகி, 1 புத்தகம் இன்ன வால்யூம் இன்ன பக்கத்தில் இன்ன நெம்பராகப் பதிவாகி, அவர் காலத்துக்குப் பிறகு எனக்குப் பாத்தியமாகி." அந்த முன்பத்திரத்தை எடுத்தால் இன்னொரு தலைமுறை. கிரையப் பத்திரம் ஓரிரு பெயர்களோடு நின்றுவிடும். பாகப்பிரிவினைப் பத்திரம்தான் பொக்கிஷம். அண்ணன் தம்பிகள், இறந்துபோன அண்ணனின் மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியனாகத் தாயார், ஜீவனாம்சம் ஒதுக்கப்பட்ட சின்னம்மா, கல்யாணச் செலவு ஒதுக்கப்பட்ட பெண் என மூன்று தலைமுறை ஒரே பத்திரத்தில் வரிசையாக நிற்கும். ஷெட்யூலில் (சொத்து விவரத்தில்) வீட்டுக்கு நான்கு மால், அதாவது நாலு பக்க எல்லை, போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார். சாட்சிக் கையெழுத்துகளையும் விடக்கூடாது. அங்கேதான் மாமன், மச்சான் அகப்படுவார்கள்.

பெண்களைத் தேடுவது தனி வேலை. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய பாகப்பிரிவினைகளில் மகள்களின் பெயர் அரிது. அவர்களைத் தேட வேண்டிய இடம் தான செட்டில்மென்ட், ஜீவனாம்சப் பத்திரம், விடுதலைப் பத்திரம் ஆகியவை. கணவர் பெயரை வைத்துத்தான் எழுதியிருப்பார்கள்: "காலஞ்சென்ற இன்னார் பெண்சாதி". அட்டவணையில் அவள் பெயர் தனி வரியாக வந்துவிடும். ஆனால் தேடுகிறவருக்குப் பாட்டியின் பெயர் தெரிந்திருக்கும். பாட்டியின் நிலத்துக்குச் சர்வே எண் ஒருபோதும் தெரிந்திருக்காது. இன்றைய தேடல் முறையால் அதிகம் இழப்பது பெண் வழியைத் தேடுகிறவர்கள்தான்.

அடுத்தது உயில். 3-ஆம் புத்தகத்தில் பதிவான உயிலின் நகலை, எழுதியவர் இறந்த பிறகு விண்ணப்பிக்கும் எவருக்கும் தர வேண்டும் என்பது 57(2). தேடுவது மட்டும் அலுவலர் கையால்தான் என்பது 57(4). அதில் தகராறு இல்லை. ஆனால் 1920-இல் உயில் எழுதியவருக்கு இறப்புச் சான்று கொண்டுவரச் சொன்னால் எங்கே போவது? பிற்பாடு பதிவான ஏதாவது ஒரு பத்திரத்தில் அவர் "காலஞ்சென்ற" என்று குறிக்கப்பட்டிருந்தால் அதையே ஆதாரமாக ஏற்கலாம் என்று ஒரு வரி உத்தரவு போடுங்கள். உயில் எழுதியபோது ஐம்பது வயது, எழுதி நூறு வருஷம் ஆகிவிட்டது என்றால் அதுகூடத் தேவையில்லை.

பெயரைத் தேடும்போது என்னென்ன இடறும் என்பதையும் உங்கள் கணினிப் பிரிவுக்காகச் சொல்லிவைக்கிறோம், ஏனென்றால் அட்டவணையைத் தட்டச்சு செய்யும் நாள் வரும்போது இதுதான் வேலையைக் கெடுக்கும். ராமசாமி, இராமசாமி இரண்டும் வேறு வேறு எழுத்தில் விழும். ரங்கசாமியும் அரங்கசாமியும் அப்படியே. ஸ, ச மயக்கம் எல்லா வால்யூமிலும் உண்டு. தலைப்பெழுத்தைப் பெயரோடு சேர்த்துத் தட்டினால் "கி. முத்துசாமி" க வரிசையில் போய் மறைந்துவிடும். தலைப்பெழுத்தைத் தனிக் கட்டத்தில் போட வேண்டும். பட்டப்பெயரையும் தனியாகப் போட வேண்டும். ஏட்டில் எழுதியதை அப்படியே ஒரு கட்டத்திலும், தேடுவதற்கு ஏற்றபடி சீராக்கியதை மற்றொரு கட்டத்திலும் வையுங்கள். ஏட்டு எழுத்தைத் திருத்தி எழுதிவிட்டால் பிறகு மூலத்தோடு ஒப்பிடவே முடியாது.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் இன்னொரு பொறி. சுப்பையா மகன் முத்துக்கருப்பன், முத்துக்கருப்பன் மகன் சுப்பையா என்று ஒரு குடும்பத்தில் இரண்டே பெயர் நூறு வருஷம் மாறி மாறி வரும். தேதியும் மனைவி பெயரும் இல்லாமல் இவர்களைப் பிரிக்க முடியாது. இதோடு பட்டா மாறுதல் செய்யாத வழக்கமும் சேர்ந்துகொள்கிறது: இறந்து முப்பது வருஷம் ஆனவர் பெயரிலேயே பட்டா ஓடிக்கொண்டிருக்கும். பட்டாவில் பெயர் இருப்பது ஆள் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி ஆகாது. பத்திரத்தில் கைநாட்டு இருந்தால் அது சாட்சி.

தேதிகளில் கிராமக் கணக்குகள் பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டில், நிற்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்த ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு: பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. தெற்கே கொல்லம் ஆண்டு வரும். அதோடு 824 அல்லது 825, மாதத்தைப் பொறுத்து. தமிழ் வருஷப் பெயர் மட்டும் எழுதியிருந்தால் அறுபது வருஷத் தடுமாற்றம்: சார்வரி என்பது 1840-ஆகவும் இருக்கலாம், 1900-ஆகவும் இருக்கலாம். வால்யூமின் முதுகுச் சீட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்கேன் செய்கிறவர்கள் அந்த முதுகைப் படம் எடுக்காமல் விட்டுவிடுவது எத்தனை பெரிய நஷ்டம் என்று இதிலிருந்து தெரியும்.

அட்டவணை எல்லாவற்றையும் தந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ₹100-க்குக் குறைந்த நிலத்தை ஒப்படைத்து விற்கலாம், பத்திரம் கட்டாயமில்லை. 1900-இல் நூறு ரூபாய் என்பது ஓர் ஏழைக் குடும்பத்தின் முழு நிலமாக இருந்திருக்கும். வாய்மொழிப் பாகமும் பதிவாகாத கூர்ச்சீட்டும் (பாகம் பிரித்து எழுதிக்கொண்ட சீட்டு) ஏட்டுக்கு வருவதே இல்லை. வீட்டு மனையோ, நத்தம் நிலவரித் திட்டம் வரும்வரை பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) ஏட்டில் "கிராம நத்தம்" என்று ஒரே வரி. யார் வீடு என்று இருக்காது. ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன் பகுதிகளில் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரி (குடியானவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும்) நிலவரித் திட்டமே வந்தது. அதற்கு முந்தைய குடியானவர் பெயர்கள் ஜமீன் கணக்கில் இருந்தன. அரசாங்க ஏட்டில் இல்லை. அந்த ஊர்களில் பதிவுத்துறையின் பெயர் அட்டவணைதான் ஏறக்குறைய ஒரே ஏடு.

நிலமே இல்லாதவர்கள் நிலை இன்னும் மோசம். பட்டா இல்லை, கிரையம் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களுக்கு 1892-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின் ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் ஏடுகள்தான் பல ஊர்களில் பெயரோடு கிடைக்கும் முதல் நில ஆவணம். அவற்றை யாரும் குடும்ப வரலாற்று ஆவணமாக நினைப்பதில்லை. வழக்கு நடக்கும்போது மட்டும் தேடுகிறார்கள். நில நிர்வாக ஆணையர் அவர்கள் இந்த ஒப்படைப் பதிவேடுகளை முதல் வரிசையில் ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும்; நாளைக்கு நிலத்தை மீட்பதற்கும் அதே படம்தான் பயன்படும்.

வருவாய்த் துறைக்கு எங்கள் இரண்டாவது கோரிக்கை, எண் ஒப்புநோக்குப் பட்டியல்கள். ஒரு துண்டு நிலத்துக்குப் பைமாஷ் (பழைய அளவை) எண், செட்டில்மென்ட் சர்வே எண், ரீசர்வே எண், யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) உட்பிரிவு எண் என்று நான்கு எண்கள் இருந்திருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பட்டா எண்களும் மாறின. 1890-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் பைமாஷ் எண் இருக்கும், கையில் இருக்கும் சிட்டாவில் உட்பிரிவு எண் இருக்கும். நடுவில் பாலம் அந்தப் பட்டியல்தான். அது இல்லையென்றால் நான்கு மாலையும் பரப்பையும் வைத்து ஊகிக்க வேண்டும். பரப்பையும் நம்ப முடியாது: 12 அடிக் கோலில் ஒரு குழி 144 சதுர அடி, 24 அடிக் கோலில் 576. எந்தக் கோல் என்று தெரியாமல் குழியைச் சென்ட் ஆக்கினால் நான்கு மடங்கு பிசகும். கிராமவாரி ஒப்புநோக்குப் பட்டியலையும் புல வரைபடத்தையும் சேர்த்து வெளியிட்டால் இந்த ஊக வேலை பாதி குறையும்.

1980-இல் பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கணக்குகள் கைமாறின. எல்லாம் வந்து சேரவில்லை என்பது தாலுகா ஆபீஸில் ஏடு பார்க்கிற எவருக்கும் தெரியும். பழைய கர்ணங்களின் வீட்டுப் பரணில் அடங்கலும் சிட்டாவும் இன்னும் கிடக்கின்றன. தண்டனைப் பேச்சு இல்லாமல், படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம் என்று மாவட்ட ஆட்சியர்கள் அறிவித்தால் வந்து சேரும். "ஒப்படைக்காவிட்டால் நடவடிக்கை" என்று ஆரம்பித்தால் மறுநாளே அடுப்புக்குப் போய்விடும்.

கோப்பு அழிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. கோப்பை முடிக்கும்போது போடும் குறிதான் அதை எத்தனை காலம் வைப்பது என்பதைச் சொல்லும்: ஓ.மு. ஒரு வருஷம், மூ.மு. மூன்று வருஷம், ப.மு. பத்து வருஷம், நி.மு. நிரந்தரம். வாரிசுச் சான்று விசாரணைக் கோப்பில் குடும்ப மரம் முழுசாக எழுதி, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதைக் குறைந்த கால முடிவில் மூடினால் அந்த மரம் குப்பைக்குப் போகும். கோப்பு முழுவதையும் வைக்க இடமில்லை என்பது நியாயமே. விசாரணை அறிக்கையின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நி.மு. ஆக்கிவிடலாமே.

ஊர் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதே தேடுகிறவருக்கு முதல் சுவர். மயிலாடுதுறை மாவட்டத்து ஊருக்கு 1991 வரை தஞ்சாவூர், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. தென்காசி 2019 வரை திருநெல்வேலி. திருத்தணி 1960 ஏப்ரல் வரை சித்தூர்; அங்கே தெலுங்கு ஏடுகள். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி; அங்கே மலையாளம். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். பதிவு எல்லைகள் இதைவிட அடிக்கடி மாறியிருக்கின்றன; ஊர் புது அலுவலகத்துக்குப் போகும், பழைய வால்யூம்கள் பழைய இடத்திலேயே இருக்கும். "எங்கள் ஆபீஸ் அப்போது இல்லை" என்ற பதிலோடு ஆட்கள் திரும்புகிறார்கள். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்தப் பதிவு அலுவலகம் என்ற பட்டியல் உங்களிடமே இருக்கிறது, ஏனென்றால் வில்லங்கச் சான்று போடுவதற்கு உங்கள் ஊழியர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். அதை அப்படியே வெளியிடுங்கள். குக்கிராமப் பெயர்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

குக்கிராமம் ஏன் முக்கியம் என்றால், கடல் தாண்டிப் போனவர்களின் சந்ததிகள் கொண்டுவருவது பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான். 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலையம்), கிராமம் என்று கட்டங்கள் உண்டு. சென்னையிலிருந்து 1903 முதல் பிஜிக்குப் போனவர்களின் எமிகிரேஷன் பாஸிலும் இதே விவரம் இருக்கும். மொரீஷியஸுக்குப் போனவர்களின் ஏடுகளை மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காக்கிறது. தாணா என்ற கட்டத்தில் நம் பக்கத்தவர்களுக்குப் பெரும்பாலும் தாலுகா பெயர் இருக்கும். கிராமப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, தாலுகாவில் உள்ள ஊர்ப்பெயர்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அது குக்கிராமம் என்றால் 'அ' பதிவேட்டில் (வருவாய்க் கிராமத்தின் நிலப் பதிவேட்டில்) அந்தப் பெயரே இருக்காது. டர்பனிலிருந்தும் சுவாவிலிருந்தும் விமானம் ஏறி வருகிறவரிடம் இரண்டு வாரம்தான் கையில் இருக்கும். அந்த இரண்டு வாரமும் எந்த ஆபீஸ் என்று கண்டுபிடிப்பதிலேயே போகிறது.

பிறப்பு இறப்பு ஏடுகளைப் பற்றிச் சுருக்கமாக: பல ஊர்களின் பழைய கிராம ஏடுகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கே வந்திருக்கின்றன. அவற்றில் பிறந்த குழந்தைக்குப் பெயர் இருக்காது; தகப்பனார் பெயர், ஆணா பெண்ணா, தேதி அவ்வளவுதான். பெயரைச் சொல்லித் தேடினால் "பதிவில்லை" என்று சான்று கொடுத்துவிடுகிறார்கள். தகப்பனார் பெயரும் ஆண்டும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். பதிவில்லாச் சான்று போடும் முன் முன்னும் பின்னும் இரண்டு வருஷம் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளைக்கு ஏற்ப வயதைக் கூட்டியும் குறைத்தும் எழுதியது நம் ஊர் வழக்கம்.

உங்கள் தயக்கம் எங்களுக்குத் தெரியும். பழைய பத்திர விவரம் வெளியே போனால் ஆள்மாறாட்டக்காரர்கள் உள்ளே வருவார்கள் என்பது வெறும் சாக்கு அல்ல. இறந்தவர் பெயரில் பட்டா ஓடும் நிலங்களைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள். அதனால்தான் அட்டவணை மட்டும் கேட்கிறோம். பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஆண்டு, ஆவண எண் போதும். சர்வே எண்ணும் பரப்பும் கைரேகையும் வேண்டாம். 75 ஆண்டு தாண்டியவற்றை இணையத்திலும், அதற்குப் பிந்தியவற்றை அலுவலகத்தில் நேரிலும் காட்டலாம். நகல் கேட்பவரின் அடையாளத்தைப் பதிந்துகொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. பழைய ஏடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தை இணையத்தில் மறைத்துவிடுங்கள். ஆராய்ச்சியாளருக்கு அது வேண்டும்தான். அவர் மூலத்தை வந்து பார்க்கட்டும். ஊர்வாரியாகச் சாதிப் பட்டியல் தயாரிக்க ஒரு தேடுபொறியை அரசே செய்து தர வேண்டியதில்லை.

வேலை தொடங்கும்போது ஒப்பந்ததாரரிடம் சில விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யக் கூடாது. பழைய மை காகிதத்தைத் தின்று மறுபக்கம் ஊறியிருக்கும், வண்ணத்தில் 300 டி.பி.ஐ. இருந்தால்தான் இரண்டு பக்க எழுத்தையும் பிரித்துப் படிக்க முடியும். ஏடுகளைத் தட்டையாக அழுத்தினால் தையல் விட்டுப்போகும். தொட்டில் வடிவத் தாங்கியில் வைத்து மேலிருந்து படம் எடுக்க வேண்டும். பைண்டிங்குக்கு அனுப்புவது படம் எடுத்த பிறகுதான், ஏனென்றால் பைண்டர் ஓரத்தை வெட்டும்போது பக்க எண் போய்விடும். பக்க எண் போனால் அட்டவணை காட்டும் வழியும் போயிற்று. முதுகு, அட்டை, வெற்றுப் பக்கம், ஒட்டுச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். கோப்பின் பெயரில் அலுவலகம், புத்தக எண், ஆண்டு, வால்யூம், பக்கம் இந்த வரிசையில் இருக்கட்டும்.

முதலில் ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துச் செய்து பார்க்கலாம். ஆவண எழுத்தர்கள், ஓய்வுபெற்ற நகல் எழுத்தர்கள், சர்வேயர்கள் என்று பழைய கையெழுத்தைத் தடையில்லாமல் படிக்கத் தெரிந்தவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். தட்டச்சுச் செய்ததை மூலத்தோடு ஒத்துப் பார்க்கும் வேலையைக் கூலி வாங்காமல் செய்துதரத் தயாராக இருக்கிறோம். எந்த மாவட்டம், எந்த ஆண்டிலிருந்து என்று துறை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
குடும்ப வரலாறு தேடுவோருக்கு ஏடு பார்த்துத் தருகிறவர்கள்